2002 ஹொண்டா எஸ்2000: இன்னும் வைத்திருக்கவா, விற்றுவிடவா?

கொக்குவிலான் (ஸ்காபரோ)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 2002ஆம் ஆண்டு எஸ்2000 ஒன்று இருக்கிறது. வெளியே வெள்ளி நிறம், உள்ளே சிவப்பு. 2011இல் 88,000 கிலோமீற்றரில் வாங்கினேன், இப்போது 164,000. வாங்கும்போது கல்யாணம் ஆகவில்லை, கையில் காசும் வார இறுதியும் இருந்தன. இப்போது மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவன் பங்குனியில் பிறந்தான். காரில் இருப்பது இரண்டே இருக்கை.

வீட்டில் ஒரு கார் நிற்கும் கராஜ்தான். மாரி (குளிர்காலம்) முழுக்க அதற்குள் எஸ்2000 போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். நான் விடியற்காலை ஆறு மணிக்கு வெளியே நின்று எங்கள் குடும்ப வான் வண்டியின் கண்ணாடியில் பனி சுரண்டுவேன். மனைவி ஒருநாளும் விற்கச் சொன்னதில்லை. போன மாசி மாதம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அந்தப் போர்வையை வானுக்குப் போடலாமே."

காரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் முன்பக்கத்தில் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு கரகரப்பு. காலையில் இரண்டாவது கியர் உறுமிக்கொண்டுதான் விழுகிறது. துணிக்கூரை இரண்டு பக்கமும், கம்பி மடிகிற இடத்தில் கிழிந்திருக்கிறது. ஒயில் 2,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது. சில்லு (வீல்) அலைன்மென்ட் செய்யக் கொண்டுபோன இடத்தில், கீழே ஆணிகள் (போல்ட்) அசையவே மாட்டேன் என்கின்றன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன கிழமை ஒருவர் தேடி வந்து, நான் வாங்கியதைவிடப் பல ஆயிரம் டொலர் கூடுதலாகத் தருகிறேன் என்றார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. 24 வயதுக் காரை இன்னும் பத்து வருடம் வைத்திருக்க நினைப்பது விசரா? உங்களுக்கு அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

---

பெண்டிங் ஈஎம்ஐ (சென்னை)

விற்காதீங்க ப்ரோ. விற்கவே விற்காதீங்க.

டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜினில் 240 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். 6,000ஐ நெருங்கும்போது விடெக் (வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் அமைப்பு) திறந்து இரண்டாவது இன்ஜின் ஒன்று முழித்துக்கொள்வது போல இருக்கும் என்று படித்து, வீடியோ பார்த்து வளர்ந்தவன் நான். ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த ஷிகேரு உயெஹராதான் இதற்கும் தலைமை இன்ஜினியர். நீங்கள் வைத்திருப்பதைப் போல ஒன்றை இனி எந்தக் கம்பெனியும் செய்யப்போவதில்லை. மாசுக் கட்டுப்பாடு விடாது.

நான் ஓட்டுவது 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரை, அவ்வளவுதான். 15 வருடம் முடிந்ததும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்சியை (பதிவுச் சான்று) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அதற்குள் அடுத்த முறையும் வந்து, அதையும் செய்துவிட்டேன். ஒரு கதவுக் கைப்பிடிக்காக, பழைய கார் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தவன் சொல்கிறேன்: விற்றால் திரும்ப வராது.

---

ஏஜாக்ஸ் ஸ்பானர்

தம்பி, வைத்திருக்கவா விற்கவா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவது: காரைத் தூக்கிக் கீழே பார்த்தீரா?

நீர் எழுதிய குறைகளில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லை. கரகரப்பு பெரும்பாலும் ரைமிங் செயின் ரென்சனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்). இந்த எஞ்சினின் பேர்போன வருத்தம் அது. வெளியிலிருந்தே கழற்றி மாட்டலாம், எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. கை பழகியவனுக்கு ஒரு மணி நேர வேலை. இரண்டாவது கியர் சிங்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) தேய்வதும் ஏபி1, அதாவது 2004க்கு முந்திய எஸ்2000 கார்களில் வழக்கம். கியர்பெட்டி ஒயிலை மாற்றி, சூடாகும் வரை பொறுமையாகப் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். கூரை, காசு கொடுத்தால் புதிதாக வந்துவிடும். 2002 என்பதால் உம்முடையதில் பின்னால் கண்ணாடி ஜன்னல். அதற்கு முந்தியவற்றில் பிளாஸ்ரிக், அது மஞ்சளித்துப்போகும்.

ஒயில் குடிப்பதும் தெரிந்த கதைதான். ஆனால் ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒயில் குறைந்த எஞ்சினை 9,000 சுற்றுச் சுற்றினால் அது மன்னிக்காது. யாராவது எப்போதாவது ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போடப்போய் இரண்டாவதைப் போட்டுவிட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். அப்படி நடந்திருந்தால் வால்வு ரிற்றெய்னரில் (வால்வின் வில்லைப் பிடித்திருக்கும் தட்டு) வெடிப்பு விழுந்திருக்கலாம். பழைய ஏபி1 ரிற்றெய்னரை எடுத்துவிட்டு 2004இலிருந்து வந்த ஏபி2வினுடையதைப் போடுவது அதனால்தான்.

எனக்குப் பயம் தருவது நீர் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான். ஆணி அசையவில்லை என்றால் உப்பு உள்ளே போயிருக்கிறது. சில்லைப் பிடிக்கும் கைகளின் புஷ்ஷுக்குள் (அதிர்வு தாங்கும் ரப்பர் உறை) அந்த ஆணி கறள் (துரு) பிடித்து ஒட்டிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஹொண்டா அந்தப் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை, முழுக் கையையும் வாங்கு என்கிறது. அதையும் சமாளிக்கலாம், வேறு ஆட்கள் புஷ் செய்கிறார்கள். ஆனால் ஆணிக்குள் போன உப்பு வேறெங்கே போயிருக்கிறது? பின்சில்லு வளைவின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாரும். முன் மூடி அலுமினியம், அது கறள் பிடிக்காது. மற்றதெல்லாம் இரும்பு.

எஞ்சினைத் திருத்தலாம். இத்துப்போன உடம்பைத் திருத்தக் காசு கொட்ட வேண்டும்.

---

கொக்குவிலான்

ஸ்பானர் அண்ணை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய முதல் இரண்டு மாரியும் அதைத்தான் வேலைக்கு ஓட்டினேன். அப்போது வேறு கார் இல்லை. கழுவினேன்தான், ஆனால் கீழே கழுவினேனா என்று கேட்டால் இல்லை. கறள் எண்ணெய் அடிக்கத் தொடங்கியது 2014இல்தான்.

இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது என்பதுதான் சரி.

---

மிசிசாகா மதி

நான் கொஞ்சம் வேறு பக்கமிருந்து வருகிறேன்.

என்னிடம் போர்ஷ 986 பொக்ஸ்ரர் ஒன்று இருந்தது. அந்த எஞ்சினில் இடைத்தண்டு பெயரிங் ஒன்று உண்டு. எல்லாக் காரிலும் போகாது, ஆனால் போனால் எஞ்சினையே கொண்டுபோய்விடும். கிளச் மாற்றும்போது அதையும் மாற்றுவது புத்தி என்பார்கள். மாற்றினேன், நல்ல காசு. அதற்குப் பிறகும் என்ன நடந்தது தெரியுமா? எந்தச் சத்தம் வந்தாலும் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். கார் ஒருநாளும் என்னை நடுவழியில் விடவில்லை. ஆனால் இரண்டு வருடம் நோயாளியின் பக்கத்தில் இருந்தது போல இருந்துவிட்டு 2019இல் விற்றேன். விலை ஏறியிருக்கிறது என்று யாராவது சொன்னால் இப்போதும் கவலை வரவில்லை.

அதனால் உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட்டுகிறீர்கள்? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. இரண்டு, காப்புறுதி எப்படி? சாதாரணப் பொலிசி என்றால், கார் அழிந்தால் அன்றைய சந்தைப் பெறுமதி என்று அவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், நீங்கள் சண்டை பிடிக்க வேண்டும். மதிப்பீட்டாளரிடம் கடிதம் வாங்கி, பெறுமதியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பொலிசிக்கு மாறலாம். பொதுவாக அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும், வருடக் கிலோமீற்றருக்கும் எல்லை வைப்பார்கள். உங்களுக்கு அது பொருந்தும். மாரியில் வீதிக்கு வராத மாதங்களுக்கு ஓட்டும் காப்பை நிறுத்திவிட்டு, களவு, தீ போன்றவற்றுக்கு மட்டும் வைத்திருக்கலாம்.

விலை கூடியதை லாபம் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வருடக் காப்புறுதி, ரயர், ஒயில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

---

தேக்கா (சிங்கப்பூர்)

கனடாவில் இருப்பவர்களைப் பார்த்தால் பொறாமைதான். உங்களுக்கு முடிவெடுக்க எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கிறது. எங்களுக்குப் பத்து வருடத்தில் மணி அடித்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: இங்கே கார் வைத்திருக்க சிஓஇ என்ற உரிமச் சான்று வேண்டும். அதன் ஆயுள் பத்து வருடம். முடிந்ததும் காரை அழிக்க வேண்டும் அல்லது நாட்டை விட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கடந்த மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி ஐந்துக்கோ பத்துக்கோ புதுப்பிக்கலாம். ஐந்து எடுத்தால் அதோடு சரி, திரும்பப் புதுப்பிக்க முடியாது. எதை எடுத்தாலும் காரைக் கொடுத்தால் திரும்ப வரும் தொகை கையை விட்டுப் போகும். பத்து வருடம் தாண்டினால் சாலை வரியும் ஆண்டுக்கு 10 சதவீதம் கூடிக்கொண்டே போய் 50இல் நிற்கும்.

என் மஸ்டா எம்எக்ஸ்-5க்கு 2019இல் அந்த நாள் வந்தது. கார் நன்றாகத்தான் ஓடியது. ஐந்தா பத்தா என்று யோசித்து யோசித்து, கடைசியில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன், கொடுத்துவிட்டேன். நியாயமான முடிவு என்று எல்லோரும் சொன்னார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் (டாலர்) போனது. காருக்கு இல்லை, அந்தத் தாளுக்கு மட்டும். இனி இந்த ஊரில் எனக்கு இரண்டு இருக்கைக் கார் கிடையாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கெடு எதுவும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஒருவர் காசோடு வந்துவிட்டார் என்பதற்காகவே அவசரப்படாதீர்கள்.

---

ஹரோ மழை (லண்டன்)

தேக்காவின் கதை மனதை வருத்துகிறது. ஆனால் என் அனுபவம் ஸ்பானர் சொன்ன பக்கம்.

நானும் எம்எக்ஸ்-5தான் வாங்கினேன், இரண்டாம் தலைமுறை. பளபளவென்று இருந்தது. ஒரு வருடம் கழித்து வருடாந்தச் சோதனைக்குக் கொண்டுபோனால் முன்பக்கச் சட்டம் உள்ளே கறள் தின்று காகிதமாகிக் கிடக்கிறது. அந்த மொடலுக்கு அது பெயர்பெற்ற வியாதி என்று பிறகுதான் அறிந்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் பக்கப் படிகளுக்குள்ளும் போயிருந்தது. ஒட்டுவேலைக்கு அவர்கள் கேட்டது காரின் விலையை விடக் கூட.

மஸ்டா முதலாம் தலைமுறைக்கு 2017இல் ஜப்பானில் திருத்தித் தரும் திட்டம் அறிவித்து, துணிக்கூரை தொடங்கிப் பல பாகங்களைத் திரும்பச் செய்தது. ஹொண்டாவும் 2020இல் எஸ்2000க்கு இருபது வருட நினைவாகச் சில பாகங்களை ஜப்பானில் விட்டது. ஆனால் அது அலங்காரமும் சஸ்பென்ஷனும்தான். பத்து வருடம் வைத்திருப்பது என்றால், அறுபது டொலர்ச் சாமான் ஒன்று நிறுத்தப்பட்டதால் ஒரு கோடை முழுக்கக் கார் நிற்கும் நாள் வரும். அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: மாரியில் கராஜில் நிற்கும் காரின் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் எலி குடும்பத்தோடு இருந்தது.

---

கொக்குவிலான்

மதி அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒயில் மாற்றும் சிட்டைகளில் கிலோமீற்றர் எழுதியிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் 2,900. அடுத்த வருடம் 1,400. போன வருடம் 610.

எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த 610இலும் பாதி, பற்ரி இறங்கிவிடக் கூடாதே என்று பெற்றோல் நிலையம் வரை போய் வந்தது.

எலி இல்லை. ஆனால் ரயரின் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்தேன், 2316 என்று இருக்கிறது. ரயர் இன்னும் தேயவில்லை.

---

ஏஜாக்ஸ் ஸ்பானர்

2316 என்றால் 2016ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்த ரயர். பத்து வயது. தேயவில்லை என்று பெருமைப்படுகிறீர். ஓடாத ரயர் எப்படித் தேயும்? ரப்பர் இப்போது பலகை.

தம்பி, இந்தக் கார் எல்லாக் காரையும் போல இல்லை. 2004க்கு முந்தியவை ஈரத்தில் பின்பக்கத்தைச் சட்டென்று உதறும். ஹொண்டாவே பிறகு பின் சஸ்பென்ஷனை மாற்றி, சில்லையும் 16இலிருந்து 17 அங்குலமாக்கியது. சறுக்கினால் பிடிக்கும் இலத்திரனியல் உதவி இங்கே 2006இல்தான் எல்லாவற்றுக்கும் வந்தது. உம்முடையதில் உமது வலது கால்தான் அது. அலைன்மென்டும் பிழை, ரயரும் பலகை. மழை நாளில் மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போய்விடாதீர்.

இன்னொன்று. கார் ஓடித் தேய்வதை விட நின்று கெடுவதுதான் கூட. பிரேக் ஒயில் ஈரம் குடிக்கும், ரப்பர் சீல்கள் காயும், பிரேக் கலிப்பர் இறுகும். மாரியில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது அதைவிடக் கேடு. எஞ்சின் சூடாகாமல் உள்ளே தண்ணீர்தான் கட்டும். புது ஒயில், நிறைந்த பெற்றோல் தாங்கி, பற்ரிக்கு ஒரு சிறு சார்ஜர், ஹான்ட்பிரேக் போடாமல் விடுவது. இவ்வளவு போதும், சித்திரை வரை தொடாதீர்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு என் இடத்துக்குக் கொண்டுவாரும். மழை என்றால் வேண்டாம்.

---

பெண்டிங் ஈஎம்ஐ

610ஆ? ப்ரோ, என் அம்மாவின் ஸ்கூட்டரே வருடத்தில் அதைவிட ஓடும். முதல் பதிவில் சொன்னதை முக்கால்வாசி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

பிக்கரிங் பெடியன்

அண்ணை, விற்பதாக இருந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள். 24 வயது, வேலை இருக்கிறது, மெனுவல் ஓடத் தெரியும்.

---

ஏஜாக்ஸ் ஸ்பானர்

பெடியனுக்கு: காரின் விலையைக் கேட்க முதல் காப்புறுதி விலையைக் கேட்டுவிட்டு வாரும்.

---

பிக்கரிங் பெடியன்

கேட்டேன். இருந்தாலும் சொல்லுங்கள்.

---

கொக்குவிலான்

சனிக்கிழமை போய் வந்தேன். நேற்றிரவே எழுத நினைத்தேன், இளையவன் விடவில்லை.

முதலில் கீழ்ப்பக்கம். ஸ்பானர் அண்ணை விளக்கைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் பூசாரி வாய் திறப்பதற்குக் காத்திருப்பது போல நின்றேன். இடது பின்சில்லு வளைவின் உள்விளிம்பில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறது, இரண்டு விரல் அகலம். வலது பக்கம் சுத்தம். பக்கப் படிகள் திடமாக இருக்கின்றன, அடிச்சட்டமும் அப்படியே. 2014இல் தொடங்கிய எண்ணெய் காப்பாற்றியிருக்கிறது என்றார். அந்த விளிம்பை இந்தக் கோடையிலேயே வெட்டித் திருத்த வேண்டும், அடுத்த கோடை என்றால் பிந்திவிடும்.

ஆணிகளில் நான்கு வெட்டாமல் வராது. அதற்குப் புஷ்ஷும் ஆணியும் ஓடர் பண்ணியிருக்கிறேன். ரென்சனரை அங்கேயே மாற்றினோம். அவர் ஒரு மணி நேரம் என்றார், நான் உதவி செய்ததால் இரண்டரை ஆனது. சத்தம் போய்விட்டது. பழகிய சத்தம் இல்லாமல் எஞ்சின் நின்றுவிட்டதோ என்று ஒரு தடவை மீற்றரைப் பார்த்தேன்.

வால்வு மூடியைத் திறந்து ரிற்றெய்னரும் பார்த்தார். வெடிப்பு இல்லை. கூரைக்கு இந்த வருடம் ஒட்டுத்துணிதான்.

அப்புறம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், செலவையும் சேர்த்து. அவள் ரசீதைப் பார்க்கவில்லை. "மாரியில் அது எங்கே நிற்கும்?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பதிவு எழுதினேன், எலியைக்கூடத் தேடினேன், அவள் மாசியிலேயே சொன்னதை மட்டும் யோசிக்கவில்லை. ஏஜாக்ஸில் ஸ்பானர் அண்ணையின் கூட்டாளி ஒருவர் மாரிக்குக் கார் நிறுத்த இடம் கொடுக்கிறார். கார்த்திகை முதல் சித்திரை வரை அங்கே பேசிவிட்டேன். வான் கராஜுக்குள் போகிறது.

வாங்க வந்தவருக்கு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஐப்பசி முடிவதற்குள் 3,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பிக்கரிங் தம்பிக்கு முதல் அழைப்பு. இதை இங்கே எழுதுவதே நான் பிறகு மாற்றிப் பேசாமல் இருக்கத்தான்.

மனைவி அந்த 3,000இல் தனக்கு எத்தனை என்று கேட்கிறாள். யாழ்ப்பாணத்தில் மெனுவலில் பழகியவள். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் இதை நாலாயிரம் சுற்றுக்கு மேல் போக விட்டதில்லை. புது ரயர் வந்ததும், எஞ்சின் சூடானபின் 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு நிமிர்கிற இடத்தில், இரண்டாவது கியரில் எட்டாயிரம் காட்டச் சொல்லப்போகிறேன்.

---

மிசிசாகா மதி

மதிப்பீட்டுக் கடிதம்?

---

கொக்குவிலான்

அடுத்த செவ்வாய் வருகிறார் அக்கா. விளிம்பு திருத்திய பிறகு எடுத்தால் நல்லது என்றார், நான்தான் பொறுமையில்லாமல் வரச் சொன்னேன்.

---

பிக்கரிங் பெடியன்

ஐப்பசி 31ஆ, அல்லது தமிழ் ஐப்பசியா?

---

ஏஜாக்ஸ் ஸ்பானர்

பெடியன் இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டான். ஒக்டோபர் 31, தம்பி.

கொக்குவிலான், பழைய ரென்சனரை நான் எடுத்து வைத்திருக்கிறேன், பிரித்து உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க. வேண்டுமென்றால் வந்து எடும். ரயர் வந்ததா?

---

கொக்குவிலான்

முன் இரண்டும் வந்துவிட்டன, 205/55. பின்னுக்கு 225/50 16 அங்குலம் இப்போது எல்லோரும் செய்வதில்லையாம். இன்னும் இரண்டு கிழமை என்கிறார்கள். அதுவரை வானில்தான்.